ஐநூறு மீட்டருக்குள் குடிபோன ஊர்

வெண்ணெய்க்குறிச்சிக்காரர்களுக்குக் கழுத்துக்கு மேலே தலை என்று ஒன்று இருப்பது முடி வெட்டிக்கொள்ளத்தான். வம்புக்குச் சொல்லவில்லை, அந்த ஊரில் பெண் எடுத்தவன் நான், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஊருக்கு ஒரு கிலோமீட்டர் வடக்கே பொட்டல் மேட்டில் குப்பைக் கிடங்கு வரப்போகிறது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பத்து ஊர்க் குப்பை. மழை பெய்தால் அத்தனை அழுக்கும் சரிந்து வந்து ஊரின் ஒரே குடிதண்ணீர்க் கிணற்றில்தான் சேரும். இது அவர்களுக்கே புரிந்துவிட்டது, ஆச்சரியம்தான். ஆனால் அறிவிப்பின் அடியில் ஒரு வரி இருந்தது: கிடங்கிலிருந்து ஐநூறு மீட்டருக்குள் குடியிருப்பவர்கள் மட்டுமே ஆட்சேபணை தெரிவிக்கலாம்.

ஊர்த் தலைவர் சங்கிலிபூதம் கூட்டம் போட்டார்.

"நமக்கு ஆட்சேபணை இருக்கு. அதைச் சொல்ற இடத்துலதான் நாம இல்ல," என்றார்.

"மேட்டை இங்கிட்டு இழுத்துட்டா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டார் கொம்பையா.

"கிறுக்கன் மாதிரிப் பேசாதீரும்வே. மேடு எப்படி வரும்? நாமதான் போகணும்."

இப்படி ஒரு மூளை நம் ஊரில் பிறந்ததே என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாளே ஊர் கிளம்பியது. கதவு, உரல், கோழிக்கூடு, பஞ்சாயத்து போர்டு எல்லாம் வண்டியேறின. பஸ் ஸ்டாப் கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். பஸ் அதைத் தேடி வந்துவிடுமாம். கிணற்றடிக்கு வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"இதை எப்படி விட்டுட்டுப் போறது? இதுக்காகத்தானே இத்தனை பாடும்!" என்றாள் கொம்பையாவின் மனைவி உச்சிமாகாளி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தலைவர் யோசித்தார். "கிணறு எதுக்கு? தண்ணிக்கு. தண்ணியை எடுத்துக்கிட்டா கிணறே வந்த மாதிரிதான்."

கோடைக்காலம். இரண்டு நாள் மோட்டார் வைத்து இறைத்து, குடம், அண்டா என்று நிரப்பி வண்டியேற்றியதில் கிணறு தரை தட்டியது. ஊரில் மிச்சம் இருந்தது ஒரு கறுப்பு நாய் மட்டும். எத்தனை கூப்பிட்டும் அது வரவில்லை. "அறிவு கெட்டது," என்று திட்டிவிட்டுப் போனார்கள்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். மேட்டில் ஊரே கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஆட்சேபிக்கிறோம்!" என்று முழங்கினார்கள்.

"ஆள் குடியிருக்கிற இடத்துல கிடங்கு வைக்க முடியாது. உங்க ஆட்சேபணையை ஏத்துக்கிட்டாச்சு," என்றார் அதிகாரி. தலைவரைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். அது அடங்கியதும் அதிகாரி கேட்டார், "பக்கத்துல வேற காலி இடம் ஏதாவது இருக்கா?"

இவ்வளவு நல்ல மனிதர் கேட்கும்போது இல்லை என்று சொல்லலாமா? எல்லோரும் சேர்ந்து வழிகாட்டி ஊருக்கே அழைத்துப் போனார்கள்.

"ஈ காக்காய் கிடையாது சார்," என்றார் தலைவர் பெருமையாக.

அதிகாரி கிணற்றை எட்டிப் பார்த்தார். "குழியும் தயாரா இருக்கே!"

"நாங்க இறைச்சதுதான் சார்."

அதிகாரி புது அறிவிப்பை எழுதி வாசித்தார். அதிலும் அதே ஐநூறு மீட்டர். உச்சிமாகாளிக்கு மட்டும் எங்கோ உறுத்தியது.

"ஐயா, அது எங்க கிணறு..."

"நீங்க எங்க குடியிருக்கீங்க?"

"மேட்டுல."

"ஒரு கிலோமீட்டர். நீங்க பேச முடியாதும்மா."

"அவர் சொல்றது சரிதானே, சும்மா இரு," என்று கொம்பையா மனைவியை அடக்கினார்.

"ஐநூறு மீட்டருக்குள்ள யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று அதிகாரி முறைப்படி கேட்டார்.

கிணற்றடியில் படுத்திருந்த கறுப்பு நாய் எழுந்து வந்து குரைத்தது. பல்லைக் காட்டிக்கொண்டு அதிகாரியை ஜீப் வரைக்கும் துரத்தியது. அவர் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, "இந்த இடமே வேண்டாம்பா, வண்டியை எடு," என்றார் டிரைவரிடம்.

வெண்ணெய்க்குறிச்சிக்கு அவமானம் தாங்கவில்லை. தேடி வந்த அதிகாரியை இப்படியா நடத்துவது? பதினைந்து பேர் பாய்ந்து நாயைப் பிடித்து, சங்கிலி போட்டு, மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கட்டினார்கள். அதுவரைக்கும் தலைவர் ஜீப்பை மறித்துக் கைகூப்பி நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க சார். அதுவும் இப்ப மேட்டுலதான் குடியிருக்கு. இனிமே பேசாது."