பனிநாட்டுக்கு நாலாவது ஆள்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தெட்டு. வயதைக் கேட்டுச் சிரித்தவர்கள் தூத்துக்குடியில் உண்டு. குருவின் படங்களைப் பார்த்த பிறகும் சிரித்தவர் யாரும் இல்லை.

குருவின் பெயர் ரெஜினா மச்சாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும், மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொடுப்பார். அதனால் ஊருக்கே டீச்சர். ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரியில், ஜப்பானின் வடகோடியில் இருக்கும் ஹொக்கைடோ தீவுக்குப் போவார். அங்கே தலையில் சிவப்புப் பொட்டு வைத்த பெரிய கொக்குகள் பனிமேல் சோடி சோடியாக ஆடும். ஒன்பது குளிர்காலம் போய்வந்திருக்கிறார். கூட நாலு பேரைத்தான் அழைத்துப்போவார். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் கொக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒருத்தர் கேமராவை ஒருத்தர் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி.

சீடர் சண்முகக்கனி. முப்பத்தோரு வருடமாகக் கல்யாணப் படம் எடுப்பவர். இவர் இரண்டு விரலால் மோவாயைத் தொட்டு நிமிர்த்தாத மாப்பிள்ளை அந்தப் பக்கம் குறைவு. அழுதுகொண்டிருக்கிற பெண்ணைக்கூட ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார். அது சாதாரணக் கலை இல்லை, நாலு கல்யாணத்துக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் டீச்சர் எடுத்த படம் ஒன்றைப் பார்த்தார். இரண்டு கொக்குகள் வானத்தைப் பார்த்துக் கூவுகின்றன. இரண்டின் மூச்சும் வெள்ளையாகப் புகைந்து மேலே போகிறது. அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு டீச்சரிடம் போய்ச் சொன்னார்.

"முப்பத்தோரு வருஷமா, சொன்னா நிக்கிறவங்களையே எடுத்துட்டேன் டீச்சர். சொன்னாலும் நிக்காதத ஒரு தடவையாவது எடுக்கணும்."

டீச்சர் அவரை வகுப்பில் சேர்த்துக்கொண்டார். ஆனால் அந்த ஆண்டு ஹொக்கைடோவுக்கு வரட்டுமா என்று கேட்டபோது, "இந்த வருஷம் வேண்டாம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். காரணம் சொல்லவில்லை. சண்முகக்கனியும் கேட்கவில்லை. தன்னிடம் ஏற்பாடு போதாது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

அதன் பிறகு அவர் செய்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

விடிந்ததும் எட்டுக் கிலோ பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரை மணலில் நடந்தார். பனியில் நடப்பதும் மணலில் நடப்பதும் காலுக்கு ஒன்றுதான் என்று எங்கோ படித்திருந்தார். ஜப்பான் பாஷையில் 'வணக்கம்', 'நன்றி', 'மன்னிக்கவும்', 'சர்க்கரை வேண்டாம்' ஆகியவற்றைக் கற்றுக்கொண்டார். கொக்குகள் எந்த மணிக்கு ஆற்றைவிட்டு எழும், எந்தப் பக்கம் சூரியன் இருக்கும், ஆடுவதற்கு முன் எது முதலில் தலை குனியும் என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருந்தது. குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று தெரிந்ததும், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க சட்டைக்குள் தைத்துக்கொள்ளும் சின்னப் பைகள் வேண்டும் என்றார். அவர் மனைவி உலகம்மாள் பழைய கம்பளியை வெட்டி ஆறு பை தைத்துக்கொடுத்தார்.

தைக்கும்போது சும்மா இருப்பாரா?

"கொக்கு தலையில வெண்ணெ வச்சுப் பிடிக்கப் போறவன்கூட இம்புட்டு ஏற்பாடு செய்யமாட்டான்" என்றார்.

எல்லாம் சரி, குளிருக்கு எங்கே போவது? தூத்துக்குடியில் மார்கழியிலும் மின்விசிறி சுற்றும். அங்கேதான் சண்முகக்கனியின் மூளை வேலை செய்தது. அவரோடு பள்ளியில் படித்த சவரிமுத்து ஓர் இறால் கம்பெனியில் சூப்பர்வைசர். ஏற்றுமதிக்குப் போகும் இறாலை அடுக்கிவைக்கும் குளிர்அறை அங்கே உண்டு. உள்ளே மைனஸ் இருபது. ஹொக்கைடோவின் விடியற்காலையும் அதுதான்.

புதன்கிழமைதோறும் மதியத்துக்கு மேல் இருபது நிமிடம் அந்த அறையில் நிற்க நண்பரிடம் அனுமதி வாங்கினார். முதல் வாரம் எந்த விரல் எந்தப் பட்டனில் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஐந்தாவது வாரம் கையுறையோடு லென்ஸ் மாற்றினார். இறால் பெட்டி அடுக்க வந்தவர்கள், போட்டோக்காரருக்கு என்ன வேண்டுதலோ என்று பேசிக்கொண்டார்கள்.

ஜனவரி பிறந்தது. டீச்சரோடு போகிறவர்களில் மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். ஒரே ஓர் இடம் பாக்கி. விசாவுக்கு அனுப்பவேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. அடுத்த குளிர்காலம் என்று ஆறப்போட சண்முகக்கனிக்கு மனமில்லை. சர்க்கரை வியாதி அவர் விரல்நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சியைத் தின்றுகொண்டிருந்தது. இந்த வருடம் போகாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று அவருக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும்.

நோட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"இன்னும் என்ன குறை இருக்குன்னு சொல்லுங்க டீச்சர். வாங்கிருதேன். இல்ல, படிச்சுருதேன்."

டீச்சர் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். ஒரு பக்கத்தில் கொக்கு தலை குனியும் விதத்தைச் சண்முகக்கனி பென்சிலால் வரைந்திருந்தார். டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தக் குளிர் ரூமுக்கு எப்பம் போவிய?"

"புதன்கிழமை."

"நானும் வாரேன்."

புதன்கிழமை டீச்சர் வந்தார். தன் கேமராவை வெளியே சவரிமுத்துவின் மேசையில் வைத்துவிட்டு, கம்பெனிக் கோட்டு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனார். சண்முகக்கனி கண்ணை மூடிக்கொண்டு, கையுறை போட்ட கையால் பேட்டரி மாற்றிக் காட்டினார். பதினோரு நொடி. ட்ரைபாடை விரித்தார், மடக்கினார். மூச்சு கேமராவின் பின்பக்கத்தில் பட்டு உறையாமல் இருக்க மூக்கால் பக்கவாட்டில் விடும் வித்தையையும் காட்டினார். அவர் கற்பனையில் எதிரே இருந்தது இறால் பெட்டி இல்லை, ஆற்றங்கரை.

டீச்சருக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

"நான் முதல் தடவை போகையில இதுல பாதிகூட எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றார்.

"அப்பம் நான் வரலாமா?"

"வெளிய போவோம். எனக்கு விரல் மரத்துப்போச்சு."

சண்முகக்கனிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் முறை தவறவில்லை. வெளியே வருவதற்கு முன் கேமராவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். இந்தக் குளிரிலிருந்து அப்படியே வெளிக்காற்றுக்குப் போனால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும், ஒரு மணி நேரம் திறக்கவே கூடாது என்று டீச்சருக்கு விளக்கம் வேறு சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டார்.

வெளியே மூன்று மணி வெயில். டீச்சர் மேசையிலிருந்த தன் கேமராவை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். இருவரும் கட்டிடத்தைச் சுற்றி மேற்குப் பக்கம் வந்தார்கள்.

அப்போதுதான் காலை ஷிப்ட் முடிந்து, இறால் உரிக்கும் பெண்கள் வெளியே வந்திருந்தார்கள். விடியற்காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கிடந்த கைகள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பேருந்தைத் தேடவும் இல்லை. இருபது இருபத்தைந்து பேர், மேற்குப் பக்கத்துச் சிமெண்டுச் சுவரில் வரிசையாக உள்ளங்கைகளைப் பதித்து நின்றார்கள். வெயில் குடித்த சுவர். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். சிலர் நெற்றியையும் சுவரில் வைத்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை.

சண்முகக்கனி பன்னிரண்டு புதன்கிழமை வந்தவர்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் முன்வாசல் வழியாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இந்தச் சுவரை அவர் பார்த்ததே இல்லை.

கை தானாக ஜிப்பை இழுத்தது. கேமராவைக் கண்ணில் வைத்தார். எல்லாம் வெள்ளை. சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தார். துடைத்த இடம் மறுபடியும் வேர்த்தது. மறுபடியும் துடைத்தார். ஒரு வருடப் படிப்பு ஒரு நொடியில் பறந்துபோனது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சுவரைப் பார்த்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நாலாவது தடவை துடைத்துவிட்டுக் கையைத் தொங்கப்போட்டார். கேமரா வயிற்றருகில் கிடந்தது. எந்த இடத்தில் நின்றாலும் "இப்படிக் கொஞ்சம் திரும்புங்கம்மா" என்று சொல்லிவிடுகிற மனிதர், வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் அவர் பக்கத்தில் வந்து, தன் கேமராவைக் கழற்றி நீட்டினார். அதன் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"இத வச்சு எடுங்க அண்ணாச்சி."

சண்முகக்கனி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, கல்யாண வீட்டில் குறுக்கே வருகிறவர்களை ஒதுக்குவது மாதிரி, டீச்சரை ஒதுக்கினார்.

"செத்த இருங்க" என்றார்.

குருவை இருக்கச் சொன்ன சீடர் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். டீச்சர் இருந்தார். நீட்டிய கையை மெல்ல மடக்கி, கேமராவுக்கு மூடி போட்டு, பைக்குள் வைத்தார்.

சுவரோரம் ஒருத்தி கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் நின்றவளின் இடுப்பில் கிள்ளி என்னவோ சொன்னாள். சிரிப்பு வரிசையில் ஒவ்வொருத்தியாகத் தொற்றிக்கொண்டு போனது. கைகளை எடுத்தார்கள். செருப்பைத் தேடினார்கள். சுவரில் நாற்பது ஐம்பது ஈரக் கைச்சுவடுகள் நின்றன. வெயில் அவற்றை விரல்நுனியிலிருந்து தின்ன ஆரம்பித்தது.

கடைசியாக ஓர் அம்மா மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். மாம்பழ நிறச் சேலை. மற்றவர்கள் கூப்பிட்டதும் அவரும் கையை எடுத்துக்கொண்டு போனார். கைச்சுவடுகள் ஒன்றொன்றாகக் காய்ந்தன. கடைசிச் சுவடும் காய்ந்து, சுவர் வெறும் சுவராகும்வரை சண்முகக்கனி அசையவில்லை.

அதன் பிறகுதான் டீச்சர் பக்கத்தில் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது. தான் சொன்னதும் ஞாபகம் வந்தது. காது மடல் சிவந்துவிட்டது.

"உங்கள இருக்கச் சொல்லிட்டேன் டீச்சர். தப்பா நெனைக்காதிய."

சொல்லிவிட்டு மறுபடியும் சுவரைக் காட்டினார்.

"அந்தக் கடைசி அம்மா உள்ளங்கைய வைக்கல, பாத்தியளா? புறங்கையத்தான் வச்சாவ. உள்ளங்கையெல்லாம் இறால் முள்ளு கிழிச்சிருக்கு. சூடு பட்டா எரியும்லா. அதான் கடைசிவரைக்கும் நின்னாவ. புறங்கை வழியா சூடு உள்ள போக நேரமாகும்."

"ம்."

அவர் தன் கேமராவைத் தூக்கிப் பார்த்தார். வேர்வை சொட்டாகத் திரண்டு லென்ஸின் விளிம்பில் தொங்கியது. இத்தனை நாள் பாடுபட்டு, கடைசியில் டீச்சர் கண்ணெதிரிலேயே கவரைத் திறந்துவிட்டோமே என்று நொந்துகொண்டார். பாக்கியிருந்த அந்த ஓர் இடமும் போனது என்று தீர்மானித்துவிட்டார். இருந்தாலும் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"ஒத்தப் படம்கூட எடுக்கலியே டீச்சர்" என்றார்.

டீச்சர் கையை நீட்டினார்.

"பாத்தியள்லா. பாஸ்போர்ட்டக் குடுங்க அண்ணாச்சி. நாளைக்கு விசாவுக்கு அனுப்பணும்."