சுரண்டி எடுத்த கோடு

என் மனைவி மயிலாத்தாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, அவளை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது.

"நீ வர்றதுக்குள்ள பெல்ட் வேலை வந்தா நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்க எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"நாச்சிமுத்து வண்டி பெல்ட்டுல வெள்ளைக்கோடு எங்க இருக்குதுங்க?"

"கோடு ஏது? நீதான் சுரண்டி எடுத்துட்டியே!"

சிரித்தாள். கதவு சாத்திக்கொண்டது.

கோட்டைச் சுரண்டியது முந்தின நாள்.

பொள்ளாச்சியில் எங்களுக்கு ஒரு கார் ஷெட். எங்களுக்கு என்பது பேச்சுக்கு. அவள் அப்பாவிடம் தொழில் கற்றவள். அவருக்குப் பிறகு அவளே மேஸ்திரி. நான் வேலை பார்த்த எண்ணெய் மில்லை மூடியதும், நாற்பது வயதுக்கு மேல் அவளிடம் தொழிலுக்குச் சேர்ந்தேன். வீட்டில் மயிலா. ஷெட்டில் மேஸ்திரி.

பிரேக், கிளட்ச் எல்லாம் என்னிடம் விடுவாள். டைமிங் பெல்ட்டை மட்டும் தொட விடமாட்டாள்.

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வரும். வால்வு கீழே இறங்கும். இரண்டும் மோதிக்கொள்ளாமல் காப்பது அந்தப் பல் வைத்த ரப்பர் பெல்ட்தான். அதைத் தப்பாகப் போட்டு ஸ்டார்ட் செய்தால் ஒரு சத்தம் கேட்கும். அதோடு எஞ்சின் முடிந்தது.

அன்று புது பெல்ட்டை என் கையில் கொடுத்தாள். ஷெட் சாவியைக் கவிழ்த்த டிரம் மேல் வைத்தாள்.

"நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். இதை நீங்க போடுங்க. போட்டா சாவி உங்களுக்கு. இல்லீன்னா உடுமலையில இருந்து தம்பி வந்து வாங்கிக்குவான்."

அவள் தம்பி அந்த இடத்தில் கோழித்தீவனக் குடோன் வைக்கக் காத்துக்கொண்டிருந்தான்.

"என்ற வண்டிதான் கிடைச்சுதாக்கா பரீட்சைக்கு?" என்றான் நாச்சிமுத்து. வால்பாறை சவாரி ஓட்டுகிறவன். அந்த டாக்ஸிதான் அவன் பிழைப்பு.

"டீ குடிச்சிட்டு வா, போ."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பயமா சந்தோஷமா தெரியவில்லை.

மேலே ஒரு பல் சக்கரம், கீழே ஒன்று. இரண்டிலும் ஒரு சின்ன வெட்டு. அந்த வெட்டுகளை எஞ்சின் உடம்பில் இருக்கும் புள்ளிகளுக்கு நேராக நிறுத்தினேன். பெல்ட்டில் இரண்டு வெள்ளைக் கோடுகள். அவை வெட்டுகளுக்கு நேராக வரும்படி மாட்டி இறுக்கினேன். அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது!

"மேஸ்திரி! ஸ்டார்ட் பண்ணட்டுமா?"

"கையால சுத்திப் பாத்தீங்களா?"

அது அந்த ஷெட்டின் சட்டம். ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்க்காமல் யாரும் சாவியைத் திருகக் கூடாது.

சுற்றினேன். எங்கும் முட்டவில்லை. எட்டிப் பார்த்தேன்.

"கோட்டைக் காணோம்!"

"எந்தக் கோடு?"

"பெல்ட்டுல இருந்த வெள்ளைக்கோடு. ரெண்டும் எங்கியோ போயிருச்சு!"

மயிலாத்தாள் வந்து குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என் பின்பக்கமாகப் போனாள். திரும்பி வந்து டயர் மேல் உட்கார்ந்து கடலை உரித்தாள்.

கழற்றினேன். மறுபடி மாட்டினேன். சுற்றினேன். மறுபடியும் கோடு இல்லை.

மறுபடி.

நாச்சிமுத்து வந்து எட்டிப் பார்த்தான். "ஏனுங் மச்சான், பெல்ட் போடறீங்களா, வேட்டி கட்டறீங்களா? அவுத்து அவுத்துக் கட்டறீங்க?"

"வாயை மூடுடா."

"அக்கா, நீங்களே ஒரு கை போட்டுருங்க. மாமியார் வீடு மாதிரி வந்து வந்து போறேன்."

அவள் அடுத்த கடலையை உரித்தாள்.

மறுபடி மாட்டி, கோடுகளை நேராக வைத்து இறுக்கி நிமிர்ந்தேன். அப்போதுதான் எழுந்து வந்தாள். கட்டைவிரல் நகத்தால் இரண்டு வெள்ளைக் கோடுகளையும் சுரண்டி எடுத்துவிட்டாள்.

"ஐயோ! அதுதானே அடையாளம்!"

"இப்பச் சுத்துங்க."

சுற்றினேன். இரண்டு சுற்று.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. நீதான் கோட்டை..."

"இருக்கிறதைச் சொல்லுங்க."

பார்த்தேன். "மேல் சக்கரத்து வெட்டு புள்ளிக்கு நேரா இருக்குது. கீழ்ச் சக்கரத்து வெட்டும்... நேரா இருக்குது."

"மொதத் தடவை எப்படி இருந்துச்சு?"

ஸ்பேனர் என் கையிலிருந்து நழுவியது.

"அப்பவும் இப்படியேதான் இருந்துச்சு. பெல்ட் சக்கரத்தைவிட நீளம், சுத்தினா கோடு நகந்து போயிரும், வெட்டுதான் திரும்பி நேரா வரும்."

"அட முருகா!" நாச்சிமுத்து தலையில் கை வைத்தான். "அப்ப நான் இத்தனை டீ குடிச்சது?"

"ஏறுங்க," என்றாள் மயிலாத்தாள். "நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க."

ஏறினேன். சாவியைத் திருகினேன்.

பிடித்துக்கொண்டது! ஒரு இருமல்கூட இல்லை. தறி ஓடுகிற மாதிரி சீராக ஓடியது. நாச்சிமுத்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை அடித்து அடித்து ஊரைக் கூட்டினான். நானும் என்னவோ கத்தினேன். மயிலாத்தாள் இரண்டு உள்ளங்கைகளையும் எஞ்சின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். உதட்டில் கடலைத்தோல் ஒட்டியிருந்தது.

இறங்கி ஓடினேன், டிரம்முக்கு.

டிரம் மேல் சாவி இல்லை.

"மேஸ்திரி, சாவி எங்க?"

நாச்சிமுத்துதான் சொன்னான்.

"ஆணியில உங்க சட்டை தொங்குதில்லீங்களா, அதுல பாருங்க. அக்கா அப்பவே போட்டுட்டாங்க. எதுத்தாப்ல டீக்கடையில இருந்து பாத்தேன்."

"எப்ப?"

"மொதத் தடவை கோட்டைக் காணோம்னு கத்துனீங்களே, அப்ப."

அந்தச் சாவியில்தான் இன்றும் ஷெட்டைத் திறக்கிறேன்.