எட்டுக் குழுவில் சேர்ந்த முயல்

ஆலங்காட்டுக் குளத்தில் வாழைத்தண்டுத் தெப்பம் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அதில் துடுப்பும் கையுமாக ஒரு கீரி உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் செவலை. பக்கத்து இடம் காலி. வெயில் தாழ்ந்தும் துடியன் வரவில்லை.

துடியன் ஒரு முயல். இரண்டும் காட்டுப் பள்ளியில் கடைசி வகுப்பு. பாடம் முடிந்ததும் தெப்பப் பயிற்சி. போட்டிக்கு இன்னும் ஐந்தே நாள்!

இருவர் துடுப்புப் போட்டால்தான் தெப்பம் நேராகப் போகும். ஒருவர் மட்டும் போட்டால் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். செவலை ஒரு மாதமாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. கரையில் தவளைகள் எண்ணின.

"முப்பத்தேழு! முப்பத்தெட்டு!"

"வாயை மூடுங்கள்!" என்றது செவலை.

கடைசியில் துடியன் மூச்சிரைக்க ஓடி வந்தது. முதுகில் மேளம், காதில் மயிலிறகு, மூக்கெல்லாம் காவி வண்ணம்.

"கோபித்துக்கொள்ளாதே செவலை! குயில்களோடு பாட்டு, மயில்களோடு நடனம், அப்புறம் ஓவியம். சீக்கிரம் கிளம்பு! அரை மணியில் மேளக் குழுவுக்குப் போகணும்!"

"உன் துடுப்பு எங்கேடா?"

துடியன் இங்குமங்கும் பார்த்தது. "ஐயோ! மரம் நடும் குழுவில் குழி தோண்ட எடுத்துப் போனேன். அங்கேயே விட்டுவிட்டேன்!"

செவலைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொண்டது.

"மொத்தம் எத்தனை குழுவில்தான் சேர்ந்திருக்கிறாய்?"

"எட்டு! எட்டுக் குழுவில் இருந்தால்தான் அடுத்து மலைப்பள்ளியில் படிக்க இடம் கிடைக்குமாம். காக்கை சொன்னது."

காக்கை கரையோர மரத்தில்தான் இருந்தது. செவலை அண்ணாந்து பார்த்துக் கத்தியது. "காக்கையே, இதை உனக்கு யார் சொன்னார்கள்?"

"எல்லோரும்தான் சொல்கிறார்கள்!"

"எல்லோரும் என்றால் யார்?"

காக்கை யோசித்தது. "நேற்றுத் துடியன்கூடச் சொல்லிக்கொண்டிருந்ததே!"

போட்டி நாள் வந்தது. அதிசயமாகத் துடியன் நேரத்துக்கு வந்தது, துடுப்போடு! செவலைக்கு நம்பவே முடியவில்லை. தெப்பம் அம்பு போலக் கிளம்பியது. நடுக்குளம் வரை எல்லோருக்கும் முன்னால் அதுதான்.

திடீரென்று தெப்பம் வட்டமடித்தது. செவலை திரும்பிப் பார்த்தது. எட்டுக் குழுவுக்கும் ஓடி ஓடிக் களைத்த துடியன் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தது!

"டேய், துடியா!"

தூக்கத்திலேயே முயல் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது. அதற்கு நீந்தத் தெரியாது. செவலை துடுப்பை எறிந்துவிட்டுக் குதித்தது. முயலின் பிடரியைக் கவ்வி, இழுத்து இழுத்துக் கரையில் போட்டது. அதற்குள் பின்னால் வந்த ஆமைகளின் தெப்பம் மெதுவாக எல்லையைத் தொட்டுவிட்டது.

துடியன் தண்ணீரைக் கக்கிவிட்டுக் கண் திறந்தது. "பாட்டுக்கு நேரமாகிவிட்டதா?"

"உன்னை மறுபடியும் தண்ணீரிலேயே தள்ளிவிடுவேன்!" என்று சீறியது செவலை. "செத்துப்போயிருப்பாய்! புரிகிறதா?"

சீறிக்கொண்டே முயலின் ஈரக் காதுகளைத் துவட்டிவிட்டது. அதைக் கண்டதும் துடியனுக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ இப்போது ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். எந்தக் குழுவில் இருக்கும்போது உனக்குப் பசிகூட மறந்துபோகிறது?" என்று கேட்டது செவலை.

"மேளம்" என்றது துடியன், தயங்காமல். பிறகு தலை குனிந்துகொண்டது.

தெப்பம் என்று சொல்லும் என எதிர்பார்த்த செவலைக்குச் சுருக்கென்றது. "அப்புறம் தெப்பத்துக்கு ஏன் வந்தாய்?"

"நீ கூப்பிட்டாய். மாட்டேன் என்று சொன்னால் கோபப்படுவாயோ என்று பயந்தேன்."

"சொல்லியிருந்தால் ஒரு நாள் கோபப்பட்டிருப்பேன்! சொல்லாததால் ஒரு மாதம் வட்டமடித்தேன்!"

மறுநாள் துடியன் ஒவ்வொரு குழுவாகப் போய் விடைபெற்றது. குயில்கள் திட்டின. மயிலோ, "நீ எங்கள் குழுவிலா இருந்தாய்?" என்று கேட்டது. அதுதான் துடியனுக்கு அதிகம் வலித்தது. மேளத்தையும் மரம் நடுவதையும் மட்டும் வைத்துக்கொண்டது.

கடைசியாகக் குளத்துக்கு வந்தது. "செவலை, இனிமேல் தெப்பத்துக்கு நான் வரமாட்டேன்."

செவலைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும், "இதையாவது நேரத்துக்குச் சொன்னாயே!" என்று சொல்லிவிட்டு, நீர்நாயைக் கூட்டுச் சேர்க்கப் போனது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் எதிலும் முழுதாக இருப்பதில்லை. ஆகவே மனத்துக்குப் பிடித்த ஒன்றிரண்டைத் தேர்ந்துகொண்டு, மற்றவற்றுக்கு முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதே தனக்கும் பிறருக்கும் நல்லது.