கொள்ளிடத்தில் தண்ணீர் இருந்ததா

மரியசூசை மின்சார வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். புயலிலும் மழையிலும் கம்பம் ஏறியவர். ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம் அவர் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து, பி.டி. டீச்சர் ஜெசிந்தா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

திண்டிவனம் பக்கத்து அந்த ஊரில் கிணற்றுப் பயம், நாய்ப் பயம், மேடைப் பயம் எதுவானாலும் ஜெசிந்தா டீச்சரிடம்தான் கூட்டிப்போவார்கள். வருஷா வருஷம் ஆகஸ்டில் வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டத்தை முன்னின்று அழைத்துப்போவதும் அவர்தான்.

“எனக்குப் பாலம்னா பயம், டீச்சர்.”

“கம்பம் ஏறின மனுஷன் நீங்க.”

“கம்பத்துல இடுப்புல பெல்ட் இருக்கும். பாலத்துல என்னை யார் பிடிச்சிருக்கா?”

டீச்சர் சிரிக்கவில்லை. பயத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் இல்லை அவர்.

மரியசூசை தரையைப் பார்த்தபடி மீதியையும் சொன்னார். அவர் மனைவி அமலோற்பவம் பதினோரு வருஷம் விடாமல் வேளாங்கண்ணிக்கு நடந்தவள். வாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு, “எனக்குப் பதிலா நீங்க நடங்க” என்று கேட்டாள். அவரும் இரண்டு வருஷம் போனார். இரண்டு வருஷமும் கொள்ளிடம் பாலத்தில் கூட்டத்தோடு கால் வைத்தார். முதல் லாரி போனதும் பாலம் அதிர்ந்தது. திரும்பி ஓடிவந்து பஸ் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு அக்கரையில் இறங்கினார்.

“வீட்டுக்கு வந்ததும் அவ ஒண்ணுதான் கேட்டா. கொள்ளிடத்துல தண்ணி வந்துச்சான்னு.”

“என்ன சொன்னீங்க?”

“ஒரு வருஷம் வந்துச்சுன்னேன். ஒரு வருஷம் இல்லைன்னேன்.”

முழுக்க நடந்து வருவதாகத்தான் நேர்த்திக்கடன். அதை உடைத்ததோடு, படுக்கையில் கிடப்பவளிடம் பொய்யும் சொல்லியாயிற்று. மூன்றாவது பொய்யைச் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை.

“இந்தப் பயத்தை எப்படிப் பிடுங்கிப் போடறது, டீச்சர்?”

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க,” என்றார் டீச்சர்.

ஊர்க் கோடியில் வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம். ஆடு ஒரே தாவலில் தாண்டிவிடும். அங்கே நிறுத்தினார்.

“கால் நடுங்கற இடம் வரைக்கும் போங்க. அங்கேயே நில்லுங்க. ஜெபமாலையில பத்து மணி சொல்லுங்க. நடுக்கம் கொஞ்சம் இறங்கினதும் திரும்பி வந்துடுங்க.”

“தாண்ட வேணாமா?”

“யார் தாண்டச் சொன்னா?”

தினம் அதுதான் பாடம். ஒரு வாரத்தில் வாய்க்கால் முடிந்தது. பிறகு ஏரி மதகு. பிறகு ரயில்வே மேம்பாலம். மேம்பாலத்துக்கு மட்டும் ஒரு மாசம் ஆனது. வழியில் பார்த்தவர்கள், “என்ன லைன்மேன், பாலத்தை அளக்கறீங்களா?” என்று கேட்டார்கள். அவரும் ஆமாம் என்றே சொல்லிவைத்தார்.

ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டி, மாதா சுரூபம் வைத்த சின்னத் தேரை இழுத்துக்கொண்டு இருபத்தாறு பேர் கிளம்பினார்கள். வெறுங்கால். விடியலில் கொஞ்சம், வெயில் தாழ்ந்து கொஞ்சம்.

மூன்றாம் நாள் கடலூர் தாண்டி ஒரு கோவில் மண்டபத்தில் தங்கினார்கள். மரியசூசையின் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அவசரக்காரர், இடது கால் கொப்புளத்தைத் தானே பிய்த்துப் போட்டுவிட்டார். டீச்சர் வந்து பார்த்தபோது உள்தோல் சிவந்து, மண் ஒட்டியிருந்தது.

“ஏன் அண்ணே பிச்சீங்க?”

“பிச்சா போயிடும்னு பார்த்தேன்.”

“போச்சா?”

“தோல்தான் போச்சு.”

டீச்சர் அந்தக் காலைக் கழுவித் துணி சுற்றினார். பிறகு வலது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மரியசூசை கூச்சத்தில் காலை இழுத்தார். டீச்சர் விடவில்லை. ஊசியைத் தீயில் காட்டி, வெந்நீரில் போட்ட வெள்ளை நூலைக் கோர்த்து, கொப்புளத்தின் ஒரு ஓரத்தில் நுழைத்து மறு ஓரத்தில் எடுத்தார். ஊசியைக் கழற்றிவிட்டு, நூலை உள்ளேயே விட்டு, இரு பக்கமும் விரற்கடை நீளம் தொங்க நறுக்கினார். காலம் காலமாய் நடக்கிறவர்களின் வைத்தியம் அது.

“நூலை எப்ப எடுக்கறது?”

“எடுக்க வேணாம். நடங்க. நடக்க நடக்க நீர் வடியும்.”

“வலிக்குமே.”

“கொஞ்சம் வலிக்கும்.”

ஐந்தாம் நாள் காலை கொள்ளிடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தேர் முன்னால் பாலத்தில் ஏறிவிட்டது. மரியசூசை இக்கரையிலேயே நின்றார். இடது கால் எரிந்தது. வலது கால் அவ்வளவாக இல்லை. பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. “சீர்காழி, சீர்காழி” என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

மரியசூசை பஸ்ஸைப் பார்த்தார். டீச்சரும் அவர் பார்ப்பதைப் பார்த்தார்.

“கண்ணை மூடிக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடிடட்டுமா, டீச்சர்?”

“அமலோற்பவம் அக்கா கேட்டா என்ன சொல்வீங்க?”

பஸ் போய்விட்டது. மரியசூசை ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பாலத்தில் கால் வைத்தார். டீச்சர் ரோட்டுப் பக்கமாக அவரோடு நடந்தார்.

பாலத்தில் ஒரு கான்கிரீட் பாளத்துக்கும் அடுத்த பாளத்துக்கும் நடுவே இடைவெளி. அதன் வழியாக ஆறு தெரிந்தது. மூன்றாவது இடைவெளிக்கு வந்தபோது கரும்பு லாரி ஒன்று போனது. பாலம் அதிர்ந்தது. மரியசூசையின் முழங்கால் உதறியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வேர்வை காவித் துண்டை நனைத்தது.

டீச்சர் பக்கத்தில் நின்றார். தைரியம் எதுவும் சொல்லவில்லை. தேர் தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போனது. தேரோடு போனவர்களையும் டீச்சர் கூப்பிடவில்லை.

ஜெபமாலையில் பத்து மணி முடிந்தது. இன்னொரு பத்தும் முடிந்தது.

“திரும்பிப் போகணும்னா சொல்லுங்க, வரேன்,” என்றார் டீச்சர்.

மரியசூசை மெல்லத் தலையைக் குனிந்து ஆற்றைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அக்கரைப் பக்கமாக ஓர் அடி வைத்தார்.

அப்படி நின்று நின்று போனதில் தாண்ட முக்கால் மணி நேரம் ஆனது. அக்கரையில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்ததும் மனைவிக்குப் போன் போட்டார். குழறலாக வந்தது அமலோற்பவத்தின் குரல்.

“எங்க இருக்கீங்க?”

“கொள்ளிடம் தாண்டிட்டேன்.”

“தண்ணி வந்துச்சா?”

“நடுவுல வெறும் மணல், அமலு. தெற்குக் கரை ஓரமாத்தான் ஓடுது. முழங்கால் ஆழம் இருக்கும். ரெண்டு எருமை படுத்திருக்கு. ஒண்ணு மேல கொக்கு. ஒருத்தர் வேட்டியைப் பிழிஞ்சு மணல்ல காயப்போட்டுட்டு, அது காயற வரைக்கும் காவலா உட்கார்ந்திருக்கார்.”



“ரெண்டு வருஷமும் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னீங்க,” என்றாள் அமலோற்பவம். “பார்த்தவங்க கேட்காததையும் சொல்வாங்க.”

“அப்ப... தெரியுமா உனக்கு?”

“காலைப் பார்த்துக்கங்க,” என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

மரியசூசை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டீச்சர் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அழுது முடித்ததும் தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார் மரியசூசை. அது இன்னும் உதறிக்கொண்டிருந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

“டீச்சர், தாண்டிட்டேன். ஆனா பயம் போகலையே. உள்ளேயே இருக்கு.”

டீச்சர் குனிந்து அவருடைய வலது காலைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் வற்றித் தட்டையாகியிருந்தது. வெள்ளை நூல் அழுக்கேறித் தொங்கியது.

“நூல் இருக்கா, அண்ணே?”

“இருக்கு.”

“இருக்கட்டும். எழுந்திருங்க, தேர் ரொம்ப தூரம் போயிடுச்சு.”