தாழியின் கழுத்தில் ஒரு குறி

பழங்காலத்தில் பொருநைக் கரையில், இறந்தவரைப் பெரிய மண் தாழிக்குள் உட்கார வைத்துப் புதைப்பார்கள். தாழியை வனைந்து, உலர்த்தி, சூளையில் சுட்டெடுக்க ஒரு மாதமாகும். அதனால் குயவன் கோடன், நோயில் விழுந்ததுமே தனக்கான தாழியைத் தானே வனைந்து வைத்தான்.

அவன் இறந்த காலையில் ஊர்த்தலைவர் ஆந்தையின் தகப்பனும் இறந்துபோனார். ஆந்தை நான்கு ஆட்களோடு கோடன் வீட்டுக்கு வந்தார்.

"தாழியைத் தூக்குங்கடா. குயவனுக்கு வெறும் குழி போதும்."

கோடனின் மனைவி சாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கோங்க ஐயா. கழுத்துல இருக்கிற குறியை மட்டும் பார்த்துக்கோங்க."

தாழியின் கழுத்தில் சக்கரம் போல ஒரு கீறல் இருந்தது.

"என்னது இது?"

"எங்க குலக்குறி. இந்தத் தாழியில போறவர் மறுபடியும் இந்த வீட்டுலதான் பிறப்பார். உங்க அப்பா வந்து மண் மிதிச்சா எங்களுக்குப் பெருமைதான். சோம்பினா மட்டும் அடிப்பேன், இப்பவே சொல்லிட்டேன்."

ஆட்களில் ஒருவன் சிரிப்பை அடக்கினான். ஆந்தையின் முகம் கறுத்தது.

"வைங்கடா கீழே!"

அன்று மாலை அவருடைய தகப்பனைத்தான் வெறும் குழியில் புதைத்தார்கள்.

கோடனைத் தாழிக்குள் இறக்கியபோது சாத்தியின் கொழுந்தன் மெல்லக் கேட்டான்.

"மதினி, நம்ம குலத்துல இப்படி ஒரு குறி உண்டா?"

"இல்லை. அவங்க தெருவுல வர்றதைப் பார்த்துட்டு ஆணியால கீறினேன்."

சாத்தி ஒரு கிண்ணம் அரிசியை உள்ளே வைத்தாள். பிறகு அதே ஆணியை எடுத்து, அந்தக் குறியை இன்னும் ஆழமாகக் கீறினாள்.