நடுங்கிக்கொண்டே கேட்டவள்

ஏரி மடையை அடைத்து, தண்ணீரையெல்லாம் தன் தோப்புக்கே விட்டுக்கொண்டார் ஜமீன்தார். கேட்க வந்தவர்களுக்குச் சபையில் நாக்குக் குழறினால், பொய் என்று விரட்டிவிடுவார்.

தன் வயலில் பயிர் கருகத் தொடங்கியதும் சீரங்காயி சபைக்குப் போனாள். சபையைப் பார்த்ததும் அவளுக்குக் கைகால் நடுங்கியது. மூச்சை இழுத்துவிட்டு, கூட்டத்தில் நின்ற நாத்தனார் முகத்தை மட்டும் பார்த்து, அவளிடம் சொல்வதுபோல நிதானமாகத் தன் குறையைச் சொன்னாள்.

"கை நடுங்குதே, பொய்தானே?" என்றார் ஜமீன்தார்.

"நடுங்குதுங்க சாமி. நடுங்காமக் கேட்ட எங்க அண்ணனைத் திமிர் பிடிச்சவன்னு விரட்டினீங்க. எப்படி நின்னு கேட்டா தண்ணி விடுவீங்க? சபையிலேயே சொல்லுங்க, அப்படியே நிக்கிறேன்."

எல்லோரும் ஜமீன்தாரைப் பார்த்தார்கள். சீரங்காயி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

மடையைத் திறக்க ஜமீன்தார் ஆள் அனுப்பிய பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். அப்போதும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.