கப்பலில் வந்த விருந்தாளி

கடலோரத்தில், செம்மணலும் பனைமரங்களுமாக இருந்த ஒரு காட்டில் நரி, கரடி, காகம், முயல் நால்வரும் கூடி வாழ்ந்தார்கள்.

குழந்தைகளே, இது எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அந்தக் காலத்தில் தென்னாட்டு மன்னர்கள் ஓயாமல் போரிட்டார்கள். சீனக் கப்பல்கள் பட்டும் பீங்கானும் கொண்டுவந்தன. அரபு நாட்டுக் கப்பல்கள் போருக்குக் குதிரைகளைக் கொண்டுவந்தன.

அப்படிக் குதிரைகளோடு வந்த ஒரு கப்பல் புயலில் கவிழ்ந்தது. அதிலிருந்த வெள்ளைக் குதிரை ஒன்று நீந்திக் கரையேறி, காட்டுக்குள் வந்து விழுந்தது. முன்னங்கால் சுளுக்கி வீங்கியிருந்தது. அதனால் ஓரடிகூட நடக்க முடியவில்லை.

"ராஜாக்கள் ஆள் அனுப்பித் தேடி வாங்குகிற குதிரை இது!" என்றது துறைமுகத்துச் செய்தியெல்லாம் தெரிந்த காகம்.

நரி நெஞ்சை நிமிர்த்தியது. "அப்படியானால் நம் காட்டின் மானம் இந்த விருந்தில்தான் இருக்கிறது. இருப்பதில் உயர்ந்ததைக் கொண்டுவாருங்கள்!"

நரி கொழுத்த நண்டுகளைப் பிடித்து வந்தது. கரடி தேனில் கறையான்களைக் குழைத்து வந்தது. காகம் நெய்ச்சோற்றில் கறி வைத்த உருண்டையைத் தூக்கி வந்தது.

"துறைமுகத்தில் குதிரைகளுக்கு இதைத்தான் ஊட்டுகிறார்கள். நானே பார்த்தேன்" என்றது காகம்.

"சாப்பிட்ட குதிரைகள் நன்றாக இருக்கின்றனவா, அக்கா?" என்று முயல் மெல்லக் கேட்டது.

"அதை நான் பார்க்கவில்லையே!"

குதிரைக்கு நண்டின் வாடையே குமட்டியது. ஆனாலும் அன்பாகத் தருவதை எப்படி மறுப்பது? எல்லாவற்றிலும் ஒரு வாய் தின்று, "மிகவும் நன்றாக இருக்கிறது" என்றது.

நாளுக்கு நாள் அதன் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன.

"நாம் கொடுத்தது போதவில்லை" என்று கவலைப்பட்டது கரடி. மறுநாள் எல்லாம் இரட்டிப்பாக வந்தது. குதிரை இரட்டிப்பாக நோயுற்றது.

முயல் கூச்ச சுபாவம் உள்ளது. கூட்டத்தில் அதிகம் வாய் திறக்காது, பார்த்துக்கொண்டே இருக்கும். குளத்துப் பக்கமிருந்து காற்று வரும்போது மட்டும் குதிரையின் மூக்கு விரிவதை அது கவனித்தது. குளக்கரையில் இருந்ததோ அறுகம்புல்தான். 'என் சாப்பாட்டைப் போய் ராஜக் குதிரைக்குக் கொடுப்பதா?' என்று வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தது.

ஐந்தாம் நாள் குதிரையால் தலையைத் தூக்க முடியவில்லை. "இன்று தாண்டாது" என்று அழுதது கரடி.

முயல் ஓடியது. வாய் நிறைய ஈரப்புல்லோடு வந்து, குதிரையின் முகத்தருகே வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்றது.

குதிரை கண்ணைத் திறந்தது. ஒரு புல்லை மென்றது. பிறகு ஒரு கொத்து. அதன் கண்கள் நிறைந்தன. "எங்கள் ஊரில் மழைக்குப் பிறகு இந்த வாசனைதான் வரும்" என்றது.

"புல்லா!" என்று நரி பதறியது. "நாலு பேர் கேட்டால் காட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

"நாலு பேர் கிடக்கட்டும், தம்பி. இது பிழைக்கட்டும்" என்றது கரடி.

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே?" என்று காகம் வருந்தியது.

"நீங்கள் அவ்வளவு ஆசையாகக் கொடுத்தீர்கள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை" என்றது குதிரை. "எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை."

நரி தலைகுனிந்தது. கரடி குளத்துக்கு நடந்தது. தன் பெரிய நகங்களால் புல்லை வேரும் சேறுமாகப் பிடுங்கி, இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தது.

"அண்ணே, மண்ணை உதறிவிட்டுக் கொடுங்கள்" என்றது முயல். இந்த முறை எல்லாருக்கும் கேட்கும்படி.

நீதி: நமக்கு உயர்வாகத் தோன்றுவதைக் கொடுப்பதைவிட, பிறருக்கு வேண்டியதைக் கேட்டறிந்து கொடுப்பதே அன்பு.